அவள் கையில் ஒரு குறையும் இல்லை

பதிவு கொஞ்சம் நீளம். வழக்கம்போல "சார் பீரியட் முடிஞ்சும் விடமாட்டேங்கிறாரு" என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். உறவினர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். இரண்டு வருடமாக நான் அடக்கி வைத்திருந்த கோபத்தைவிட அது பெரிதாக இருக்காது.

போன மாதம் ஒரு படம் போட்டிருந்தேன். பித்தளைச் செம்பில் வெள்ளைப் பூ, இதழ் ஓரத்தில் ஊதாக் கோடு. இருபது பேருக்கு மேல் "சார், ரோஜாவா?" என்று கேட்டிருந்தீர்கள். ரோஜா இல்லை. முள் கிடையாது, வாசனையும் இல்லை என்றே சொல்லலாம். பெயர் லிசியாந்தஸ். சென்னையில் கல்யாண மேடைக்கும் பூங்கொத்துக்கும் வாங்குகிறார்களே, அந்த வெட்டுப்பூ. அது நம்ம ஆர்.கே.பேட்டையில், என் தம்பி வீட்டுப் பின்கட்டுத் தாழ்வாரத்தில், என் தம்பி மருமகள் வளர்த்து வெட்டியது. "நீங்க வளர்த்ததா சார், கைராசிக்காரர் ஆச்சே" என்று எழுதியவர்களுக்கு அன்றைக்கு நான் பதில் போடவில்லை. இதுதான் பதில்.

முந்தின வருடம் மாசி கடைசி, மார்ச் மாதம். அந்தப் பெண் போனில் விளம்பரம் பார்த்து ஆன்லைனில் ஒரு விதைப் பாக்கெட் வாங்கினாள். நூற்றைம்பது விதை. "வருடம் முழுவதும் விதைக்கலாம், வீட்டிலேயே பூங்கொத்து" என்று அட்டையில் போட்டிருந்தது. எந்த மாதம், எத்தனை டிகிரி, எத்தனை நாள், ஒன்றும் கிடையாது. அவள் ஐம்பது விதையைக் குழித்தட்டில் போட்டாள். முப்பத்தொன்று முளைத்தது. அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். தறிச் சத்தம் ஓய்ந்த ராத்திரியில் டார்ச் அடித்து, நத்தை வந்திருக்கிறதா என்று பார்ப்பாள். சித்திரை போச்சு, வைகாசி போச்சு, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குப் புஷ்பக் காவடி எல்லாம் போய் வந்தாச்சு. செடி எழுந்திருக்கவில்லை. இலை மேல் இலை வைத்துத் தரையோடு அப்பிக்கொண்டு, முள்ளங்கிக் கீரை மாதிரி ஒரு வட்டம். தண்டும் இல்லை, மொட்டும் இல்லை. ஆவணியில் ஒவ்வொன்றாக அழுகியது.

அதே ஆவணியில் எங்கள் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். இந்தப் பெண் பாயசம் பரிமாறிக்கொண்டு வருகிறாள். எனக்கு அக்கா முறை ஆகிற ஒருவர், பக்கத்து இலைக்காரரிடம், பாதி ஊருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "அவ கை பட்டா எது வெளங்குது? செடியும் அப்பிடித்தான், வவுறும் அப்பிடித்தான்." இன்னொருவர் அதற்கு எசைப்பாட்டு: "அந்த மூணு நாளும் செடிக்கிட்ட போறாளாம், இன்னா பண்றது, இந்தக் காலத்துப் பொண்ணுங்க."

கல்யாணமாகி ஐந்து வருடம். நடுவில் என்ன நடந்தது என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் பாயச வாளியைக் கீழே வைக்கவில்லை. அடுத்த இலைக்கு ஊற்றிவிட்டு நகர்ந்து போனாள்.

முப்பத்துநாலு வருடம் அறிவியல் வாத்தியாராக இருந்த நான் என்ன செய்தேன்? வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். இதை எழுதாமல் அந்த அக்காவைப் பற்றி மட்டும் எழுதினால் அது யோக்கியமான பதிவு ஆகாது.

இப்போது லிசியாந்தஸ் என்ன செடி என்று பார்ப்போம். தாவரவியல் பெயர் யூஸ்டோமா கிராண்டிஃப்ளோரம். அமெரிக்காவின் டெக்ஸாஸ், நெப்ராஸ்கா பக்கத்துப் புல்வெளியிலும் மெக்சிகோவின் வடபகுதியிலும் தானாக வளர்ந்த செடி. ஜப்பான்காரர்கள் 1930-களில் அதை எடுத்துப்போய், பல பத்தாண்டுகள் பொறுக்கியும் கலந்தும், ஒற்றையடுக்கு நீலப்பூவாக இருந்ததை ரோஜா மாதிரி அடுக்குப்பூவாக, வெள்ளை, ரோஸ், மஞ்சள், பச்சை என்று மாற்றினார்கள். "வெள்ளைக்காரன் பூ நமக்கு எதுக்கு" என்று ஒருவர் கருத்துப் போட்டிருந்தார். அய்யா, நீங்கள் மாலையில் கட்டுகிற சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். ஆயுத பூஜைக்கு வண்டியில் தொங்கவிடுகிற துலுக்கச் சாமந்தியும் அந்தப் பக்கம்தான். வந்த பூவெல்லாம் நம் பூ ஆனது எப்படி என்றால், நம் ஆட்கள் அதற்கு எந்தப் பட்டம் சரி என்று கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதான்.

இந்தச் செடிக்குப் பட்டம்தான் உயிர். விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு கிராமில் ஏறக்குறைய இருபதாயிரம் விதை. கையில் எடுக்க முடியாது என்பதால் மேலே களிமண் மாதிரி ஒரு பூச்சுக் கொடுத்து, குளிகையாக்கி விற்கிறார்கள். மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். பத்துப் பதினைந்து நாளில் முளை வரும். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கு வளர்கிற மாதிரியே தெரியாது. கீழே வேர் இறங்கிக்கொண்டிருக்கும். முளைத்ததிலிருந்து மூன்று நாலு ஜோடி இலை விடுகிற வரைக்கும் உள்ள இந்தக் காலம்தான் கண்டம். பகலில் 30 டிகிரியை நெருங்கி, ராத்திரியிலும் 22, 23-க்குக் கீழே இறங்காமல் நாள் கணக்காக வெப்பம் நின்றால், செடி தண்டு விடுவதை நிறுத்திவிடும். இலை வட்டமாகத் தரையில் உட்கார்ந்துவிடும். ரோசெட் என்பார்கள். ரகத்துக்கு ரகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அப்படி உட்கார்ந்த செடியை எழுப்ப வாரக்கணக்கில் குளிர் வேண்டும். திருத்தணிப் பக்கத்தில் ஜூன் மாதம் அந்தக் குளிருக்கு எங்கே போவது? நம் ஊர் வெயில் டிவிச் செய்தியில் வருகிற வெயில். மே மாதம் 40-ஐத் தாண்டினால் நமக்கே அது சேதியில்லை.

பூப்பதற்குக் குளிர் தேவைப்படுகிற செடிகளைப் பற்றி, வெர்னலைசேஷன் என்ற தலைப்பில், பிளஸ் ஒன், பிளஸ் டூவில் தாவரவியல் எடுத்தவர்கள் படித்திருப்பீர்கள். அதெல்லாம் வேண்டாம். மார்கழி, தையில் பனி சரியாக இறங்காத வருடம் மாமரம் ஒழுங்காகப் பூக்காது என்று நம் தோப்புக்காரர் எல்லோரும் சொல்வார். மாமரம் பூக்காததற்குப் பனியைச் சொல்லத் தெரிந்த நமக்கு, மருமகள் வைத்த செடி பூக்காததற்கு மட்டும் பனி ஞாபகம் வரவில்லை.

வளைகாப்பு முடிந்து மூன்று நாள் கழித்துத் தம்பி வீட்டுக்குப் போனேன். "மீதி விதை இருக்காம்மா?" என்று கேட்டேன். நூறு இருந்தது. எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தாள். "இருக்கு பெரிய மாமா, நீங்களே எடுத்துக்கங்க, உங்க கையால போடுங்க" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உலுக்கியது. அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். பி.எஸ்சி. படித்த பெண்.

நான் சொன்னேன், "ரெண்டு பேரும் போடலாம். கணக்கா போடலாம்."

என் மாணவர்களுக்குப் புரியும். ஒன்பதாம் வகுப்பில், வெளிச்சத்தில் ஒரு தொட்டி, இருட்டில் ஒரு தொட்டி வைத்தோமே, அதேதான். இங்கே சந்தேகப்படுகிற காரணம் இரண்டு. ஒன்று கை, இன்னொன்று காலம். ஆகவே நாலு தட்டு. சித்திரையில் என் கையால் ஒன்று, அவள் கையால் ஒன்று. நவம்பரில் என் கையால் ஒன்று, அவள் கையால் ஒன்று. தட்டுக்கு இருபத்துநாலு விதை. ஒரே பாக்கெட், ஒரே தென்னைநார்க் கழிவு மண்புழு உரக் கலவை, ஒரே அலமாரித் தட்டு. அவரவர் தட்டுக்கு அவரவர்தான் தண்ணீர். குறைந்தபட்சம், அதிகபட்சம் காட்டுகிற வெப்பமானி ஒன்று வாங்கி அலமாரியில் மாட்டினேன். நோட்டுப் போட்டோம். நோட்டில் அவள் தானாகவே ஒரு காரியம் செய்திருந்தாள். மாதத்தில் அந்த மூன்று நாலு நாளையும் பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துக் குறித்திருந்தாள். அந்த நாட்களிலும் தண்ணீர் விட்டதற்கு டிக் இருந்தது. நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. நோட்டைப் பார்த்ததும் எனக்குத்தான் தலை குனிந்தது.

போன வருடம் ஏப்ரல் தட்டுகள்: நிழலில் இருந்த அலமாரியிலேயே பகலில் 38, 39. ராத்திரி 27, 28. என் தட்டில் பதினொன்று முளைத்தது, அவள் தட்டில் பத்து. ஆடிக்குள் செத்தது போக என்னுடையது ஏழு, அவளுடையது எட்டு. தண்டு விட்டது? இரண்டு தட்டிலும் பூஜ்யம். ஊர் உலகமெல்லாம் கைராசிக்காரர் என்று சொல்கிற என் தட்டில் ஏழு செடியும் முள்ளங்கிக் கீரை.

நவம்பர் தட்டுகள்: ஐப்பசி மழை வெளுத்து ஓய்ந்தபிறகு, நடு நவம்பரில் போட்டோம். ராத்திரி 20, 21. பகலில் 27-லிருந்து 29. தை மாத விடியலில் சில நாள் 18 காட்டியது. என் தட்டில் முளைத்தது இருபது, அவளுடையதில் இருபத்தொன்று. பிப்ரவரி ஆரம்பத்தில் தொட்டிக்கு மாற்றினோம். தண்டு விட்டு எழுந்தது என்னுடையதில் பதினொன்று, அவளுடையதில் பதின்மூன்று. மற்றவை உட்கார்ந்தே இருந்தன. நம் ஊர்க் குளிர் இந்தச் செடிக்குப் பார்டர் பாஸ்தான், அதை மறைக்க விரும்பவில்லை. இந்த ஏப்ரல் கடைசியில் முதல் மொட்டு விரிந்தது. தண்டு ஒரு முழம். கடையில் வருவதில் பாதி உயரம்கூட இருக்காது, பூவும் கொஞ்சம் சின்னது. ஆனால் செம்பில் வைத்தது பதினோரு நாள் நின்றது. அதில் இருந்த மொட்டும் செம்பிலேயே விரிந்தது, கொஞ்சம் வெளிறிப்போய்.

பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு "அப்போ அவளுக்குத்தான் கைராசி" என்று யாரும் வரவேண்டாம். இருபது செடியில் இரண்டு முன்னே பின்னே வருவது தற்செயல். பூஜ்யத்துக்கும் பதினொன்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் பேசவேண்டியது. அது கையால் வரவில்லை, மாதத்தால் வந்தது.

என் கைராசிக் கதையையும் உடைத்துவிடுகிறேன். பள்ளி மைதானத்தில் நான் வைத்த வேம்பும் புங்கனும் எல்லாம் பிழைத்தன என்று இப்போதும் சொல்கிறீர்கள். எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர் ஜூனில், பள்ளி திறந்ததும் வைப்பார். ஜூலையில் காய்ந்துவிடும். நான் ஐப்பசியில், முதல் மழை இறங்கியபிறகு வைப்பேன். அதுதான் என் கைராசி.

பசுமைப் படைக்கு நான் பொறுப்பாசிரியராக இருந்தபோது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சில நாள் சில மாணவிகள் தோட்டத்துக்கு வராமல் வராந்தாவிலேயே நிற்பார்கள். "என்னம்மா?" என்றால் பக்கத்துப் பெண் "அவ வரமாட்டா சார்" என்பாள். எனக்குக் காரணம் தெரியும். "சரி" என்று விட்டுவிடுவேன். மரியாதையாக நடந்துகொள்கிறேன் என்று நினைத்தேன். நான் வகுப்பில் ஒளிச்சேர்க்கை நடத்தினேன், தாவர நோய் நடத்தினேன். "நீ தொட்டால் செடி வாடாது, தைரியமாக வா" என்ற ஒரு வாக்கியத்தை முப்பத்துநாலு வருடத்தில் ஒருமுறைகூட நடத்தவில்லை. அந்த மாணவிகளில் பலர் இதைப் படிக்கிறீர்கள். உங்களுக்கும் இப்போது பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். மன்னித்துவிடுங்கள் அம்மா.

தீட்டுப் பட்டால் செடி கருகும் என்பது நம் ஆயா காலத்து நம்பிக்கை மட்டும் என்று நினைக்காதீர்கள். ரோமாபுரியில் கி.பி. முதல் நூற்றாண்டில் இருந்த பிளினி என்ற அறிஞர், மாதவிலக்கான பெண் பட்டால் தோட்டத்துச் செடி காயும், மரத்துக் காய் உதிரும் என்று தன் இயற்கை வரலாற்று நூலில் எழுதிவைத்திருக்கிறார். அது பழைய காலம் என்று விட்டுவிடலாம். 1920-ல், வியன்னாவில், பேலா ஷிக் என்ற மருத்துவர் இதையே எழுதினார். சாதாரண ஆள் இல்லை. தொண்டை அடைப்பான் நோய்க்கு 1913-ல் ஷிக் பரிசோதனை கண்டுபிடித்த அதே ஷிக். எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்ற உதவிய மனிதர். அவர் வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் ரோஜாப்பூக்களைக் கொடுத்திருக்கிறார். மறுநாள் பூ வாடிப்போயிருக்கிறது. அந்தப் பெண்ணைக் கேட்டால், இந்த நாட்களில் நான் தொட்டால் வாடும் என்கிறாள். அதை வைத்து, இன்னும் சில சோதனைகளும் செய்து, உடம்பில் ஒரு நஞ்சு இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். மெனோடாக்சின் என்று அதற்குப் பெயரும் வந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அந்த நஞ்சைத் தேடினார்கள். அமெரிக்காவிலும் சோதனைகள் நடந்தன. கிடைத்தது என்று ஒருவர் சொல்வார், இல்லை என்று இன்னொருவர் சொல்வார். கடைசியில் அப்படி ஒரு நஞ்சு நிற்கவில்லை. இன்றைக்கு அது மருத்துவ வரலாற்றில் ஒரு வேடிக்கைக் கதை.

இதிலிருந்து எனக்குத் தெரிவது, படித்தவன் இதில் படிக்காதவனைவிட மோசம். ஆயா "தொடாதே" என்று மட்டும் சொன்னாள். டாக்டர் அதற்கு ஒரு ரசாயனப் பெயர் வைத்தார். நம் வாட்ஸ்அப் குழுவிலும் மாதம் ஒருமுறை "முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல, இதில் அறிவியல் இருக்கிறது" என்று ஒன்று சுற்றுகிறது. அனுப்புகிறவர்களில் என்னிடம் அறிவியலில் தொண்ணூறு வாங்கியவனும் இருக்கிறான். தம்பி, உன் மார்க்கைத் திருப்பி வாங்க எனக்கு அதிகாரம் இல்லை. இருந்தால் வாங்கியிருப்பேன்.

"ஓய்வு கொடுக்கத்தானே சார் அந்தக் காலத்துல ஒதுக்கி வச்சாங்க" என்று ஒரு பதில் வரும். எப்போதும் வரும். நல்லது. ஓய்வுதான் நோக்கம் என்றால் அந்த மூன்று நாளும் தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள், துணியை நீங்கள் துவையுங்கள். துளசி மாடத்துப் பக்கம் போகாதே என்பதும், கறிவேப்பிலை பறிக்காதே என்பதும் என்ன ஓய்வு? கறிவேப்பிலை பறிப்பது அவ்வளவு பெரிய உழைப்பா?

அடுத்தது விதை, நாற்று விற்கிறவர்களுக்கு. நம் பள்ளியில் படித்த இரண்டு பேராவது ஆன்லைனில் செடி விற்பது எனக்குத் தெரியும். நன்றாக விற்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் லிசியாந்தஸ் விதையைப் பங்குனியில் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அனுப்புவது, அமாவாசை அன்றைக்கு நிலாச்சோறு சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. அட்டையில் நாலே நாலு வரி போதும்: சமவெளியில் நவம்பர் நடுவில் விதைக்கவும், இளஞ்செடிக்கு வெப்பம் ஆகாது, பூக்க ஐந்தரை மாதம் ஆகும், மேலே தூவவும் புதைக்க வேண்டாம். இதை எழுதினால் வருடத்தில் பத்து மாதம் விற்காது என்று தயங்குகிறீர்கள். எழுதாமல் விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு அது வெறும் ஒரு ஆர்டர்.

தறி நின்றுபோன வீடுகளில் "வெட்டுப்பூ போட்டுச் சம்பாதிக்கலாமா, குழுவில் லோன் எடுத்து நிழல்வலை போடலாமா" என்று இரண்டு மூன்று பேர் கேட்டீர்கள். வேண்டாம். அம்மையார்குப்பம் மாணவி ஒருத்தி போனிலேயே கேட்டாள், அவளிடமும் இதைத்தான் சொன்னேன். ஒரு முழத் தண்டை வைத்துக்கொண்டு, 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஓசூர்க்காரரோடும் பெங்களூர்க்காரரோடும் கோயம்பேட்டில் போட்டி போட முடியாது. அவர்களுக்கு ராத்திரிக் குளிர் இலவசம். பணம் வேண்டுமென்றால் மல்லி, சம்பங்கி, சாமந்தி என்று நம் வெயிலுக்குப் பழகியதைப் போடுங்கள். லிசியாந்தஸை ஆசைக்கு இருபது செடி வளருங்கள்.

"ஆசைக்கு வளர்த்து என்ன பண்றது? சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது, வாசனையும் இல்ல" என்று அதே அக்கா பூவைப் பார்த்துவிட்டும் சொன்னார். இந்தத் தடவை நான் வடை சாப்பிடவில்லை. பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது முக்கியமில்லை, கொஞ்சம் சத்தமாகிவிட்டது. ஆனால் அவர் கேட்டது வீட்டுக்கு வந்தபிறகும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. என் கூடப் பிறந்த தங்கைக்கு முப்பத்தொன்பது வயதில் புருஷன் போனார். அன்றைக்கு நிறுத்தியது பூ. மல்லிக்காரம்மா தெருவில் வந்தால் உள்ளே போய்விடுவாள். முழம் போடும்போது அவள் பக்கம் யாரும் நீட்டமாட்டார்கள், நானும் நீட்டியதில்லை. மே மாதம் தம்பி மருமகள் நாலு தண்டு வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, என் தங்கை வீட்டு மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். தலைக்கு வைக்கிற பூ இல்லை, சாமிக்குப் போடுகிற பூவும் இல்லை. ஆகவே யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தங்கை தினமும் தண்ணீர் மாற்றினாள். தண்டின் அடியை ஒரு விரல்கடை சாய்வாக வெட்டிவிட்டால் இன்னும் நாலு நாள் நிற்கும் என்று எனக்கே பாடம் சொன்னாள். யூடியூபில் பார்த்திருக்கிறாள்.

வளர்க்க நினைக்கிறவர்களுக்கு, எங்கள் நோட்டிலிருந்து. குளிகையைக் கலவைக்கு மேலே வைத்து, பூச்சு கரைகிற வரை ஈரம் குறையாமல் பார்க்க வேண்டும். பாதியில் காய்ந்தால் பூச்சு கல் மாதிரி இறுகிவிடும், முளை வெளியே வராது. மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை ஓடிவிடும். தட்டை ஒரு தாம்பாளத்துத் தண்ணீரில் உட்காரவைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுங்கள். முளைத்தபிறகு மண் எப்போதும் சொதசொத என்று இருந்தால் அடி அழுகும். நாலு ஜோடி இலை வந்ததும் வேரைக் கலைக்காமல் மாற்ற வேண்டும். செடிக்குச் செடி அரை அடி. காலை வெயில் மட்டும் போதும், பங்குனிக்கு மேல் நிழல்வலை கட்டாயம். ஒரு தண்டில் முதல் பூ விரிந்து, அடுத்தது விரியத் தயாராக இருக்கும்போது, விடியலில் வெட்டுங்கள். மலைப்பக்கமோ பெங்களூர்ப் பக்கமோ சொந்தக்காரர் இருந்தால் நாற்றை அங்கே வளர்த்து, டிசம்பரில் கொண்டுவந்து இங்கே நடுவது இன்னும் நல்லது. அந்த முதல் இரண்டு மாதத்தைத் தாண்டிவிட்டால் நம் ஊர் அதற்கு அவ்வளவு பகை இல்லை.

இந்த வருடம் நடு நவம்பரில் மறுபடியும் விதைக்கிறோம். இருநூறு விதை சொல்லியிருக்கிறோம். பழைய பாக்கெட்டில் மீந்த நாலும் டப்பாவில் இருக்கிறது, அதையும் போட்டுப் பார்ப்போம். தட்டு வேண்டும் என்கிற மாணவிகள் தீபாவளிக்குள் சொல்லுங்கள். பையன்களும் சொல்லலாம். அந்த அக்காவுக்கு ஒரு தட்டு தனியாக வைத்திருக்கிறேன். வாங்கிக்கொள்வாரா தெரியாது.

இதைப் போடுவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். வளைகாப்பில் சொன்ன வார்த்தையை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும் பெரிய மாமா, சொன்னவங்க படிக்கணும்ல" என்றாள். வேறு இரண்டு வரியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னாள். அது எனக்கு உடன்பாடு இல்லை, ஆனாலும் அவள் சொன்னபடியே சேர்க்கிறேன்: "பெரிய மாமா தட்டுல ரெண்டு செடி கம்மியானது தற்செயல் இல்ல. அவர் தண்ணி அதிகமா ஊத்தினாரு. நான் பார்த்தேன்."